நீளமாக உதைத்தால் பாவமா?

2024-25 பிரீமியர் லீக் பருவத்தில் சவுத்தாம்ப்டன் அணி ஆடியது 38 ஆட்டங்கள். ஜெயித்தது 2. எடுத்த புள்ளிகள் 12. அந்த லீகின் வரலாற்றில் இதைவிடக் குறைவாக எடுத்த அணி ஒன்றே ஒன்றுதான், 2007-08இல் 11 புள்ளிகளோடு இறங்கிப்போன டெர்பி கவுண்டி. ஏப்ரல் முதல் வாரத்தில், இன்னும் 7 ஆட்டங்கள் மிச்சமிருக்கையிலேயே சவுத்தாம்ப்டனின் கதை முடிந்துவிட்டது.

அந்தப் பருவத்தின் முதல் பாதியைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. கோல்கீப்பர் தன் பாக்ஸுக்குள்ளேயே நிற்கும் டிஃபெண்டருக்குப் பந்தை உருட்டுவார். அவர் பக்கத்து டிஃபெண்டருக்கு. அங்கிருந்து மறுபடி கோல்கீப்பருக்கு. இதற்குள் எதிரணியினர் நாலு பேர் கிட்டே வந்து நிற்பார்கள். தன் கோலைப் பார்த்தபடி திரும்பி நிற்கும் மிட்ஃபீல்டருக்கு ஒரு பாஸ் போகும், பின்னாலிருந்து ஒரு கால் நீளும், பந்து வலைக்குள் கிடக்கும். அடுத்த வாரமும் அதே உருட்டல், அதே கால். கோச் ரஸ்ஸல் மார்ட்டின் முறையை மாற்றவே இல்லை. டிசம்பரில் டாட்டன்ஹாமிடம் 0-5 என்று தோற்ற இரவு அவருடைய வேலை போயிற்று.

இதைக் கொள்கைப் பிடிப்பு என்று பாராட்டியவர்கள் உண்டு. தோற்றாலும் ‘சரியான’ ஆட்டம் ஆடித் தோற்றார்களாம். இந்தப் பாராட்டுதான் எனக்கு ஆகவில்லை. ஏனென்றால் அது சவுத்தாம்ப்டனோடு முடிகிற விஷயம் இல்லை. கோல்கீப்பரில் தொடங்கிக் குட்டைக் குட்டைப் பாஸ்களால் பந்தை முன்னே கொண்டுபோவதே நவீன கால்பந்து, நீளமாக உதைப்பது தெரியாதவன் செய்கிற வேலை, ஆகவே நல்ல பயிற்சி என்றால் அது குட்டைப் பாஸ் பயிற்சிதான் என்ற நம்பிக்கை இன்று டிவி வர்ணனையாளர் முதல் பள்ளிக்கூட கோச் வரை எல்லோரிடமும் வேரோடிக் கிடக்கிறது. இது தவறு. மேல்மட்டக் கால்பந்தில் நடப்பதைப் பாதி மட்டும் பார்த்துவிட்டு வந்த தவறு.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 2008 முதல் 2012 வரை கோச் குவார்டியோலாவின் பார்சலோனாவும், 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ என்று மூன்றையும் வரிசையாக வாரிக்கொண்ட ஸ்பெயினும் உலகத்தின் கண்ணைக் கட்டிப்போட்டன. கண்ணை இழுத்த ஆட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஜாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ், மெஸ்ஸி ஆகியோரின் கால்கள் செய்த வேலையை, பாஸின் நீளம் செய்த வேலையாக உலகம் எடுத்துக்கொண்டது. அதே ஸ்பெயின் 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராகவும், 2022இல் மொராக்கோவுக்கு எதிராகவும் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டுவிட்டு, இரண்டு முறையும் பெனால்டியில் தோற்று ஊர் திரும்பியது. 2024இல் அது மறுபடி யூரோ ஜெயித்தபோது, கோட்டோரம் பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஆளைத் தாண்டும் லமின் யமால், நிக்கோ வில்லியம்ஸ் என்ற இரண்டு விங்கர்கள் இருந்தார்கள்.

கால்பந்துக்கு இந்த வியாதி புதிதும் அல்ல. ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிரான மூடநம்பிக்கை இங்கிலாந்தை ஆட்டிவைத்தது. சார்லஸ் ரீப் என்று ஒருவர், ராயல் ஏர் ஃபோர்ஸில் கணக்கு அதிகாரி. 1950இல் ஸ்விண்டன் அணியின் ஆட்டம் ஒன்றின் நடுவே நோட்டும் பென்சிலும் எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பிறகு வாழ்நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருந்தார். கோல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸ்களில் விழுகின்றன, ஆகவே தூக்கி அடியுங்கள் என்பது அவர் கண்ட முடிவு. அவருடைய கணக்கிலேயே ஓட்டை இருந்தது. மொத்த நகர்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகிறவை. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை செய்கிற காரியத்தில் எண்பது பங்குதான் கோல் வந்தது என்றால், மிச்சப் பத்துதான் நல்ல பலன் தந்தது என்றல்லவா அர்த்தம்? கணக்கு அதிகாரிக்கே இது தப்பிவிட்டது. ஆனாலும் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் தலைவராக இருந்த சார்லஸ் ஹியூஸ் ஏறக்குறைய இதே கருத்தை நூலாகவே எழுதினார். ஒரு தலைமுறை கோச்சுகள் அதை வேதமாக ஓதினார்கள். 1994 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. இந்த வேதம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அன்று நீளத்தை வணங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குட்டையை வணங்குகிறார்கள். சாமி மாறியிருக்கிறது, கும்பிடு மாறவில்லை.

சரி, குட்டைப் பாஸ் எதற்காக என்று முதலில் கேட்போம். 2019க்கு முன்பு கோல் கிக் எடுத்தால் பந்து பாக்ஸை விட்டு வெளியே போன பிறகுதான் வேறொருவர் தொட முடியும். அந்த ஆண்டு விதி மாறியது. சொந்த அணிக்காரர்கள் பாக்ஸுக்குள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணியோ பந்து உதைபடும்வரை வெளியே நிற்க வேண்டும். பந்தைக் கீழே வைத்து ஆசை காட்டினால் எதிரணி மேலேறி வரும். வந்தால் அவர்களுக்குப் பின்னால் இடம் திறக்கும். அந்த இடத்துக்குப் பந்தைக் கடத்துவதுதான் இந்தக் காரியத்தின் முழு நோக்கமும். பிரைட்டனில் கோச் டி ஸெர்பியின் டிஃபெண்டர்கள் பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்களே, அழகுக்காகவா நின்றார்கள்? தூண்டிலில் புழுவைக் கோத்து வைத்திருந்தார்கள். 2022-23இல் அந்த அணி ஆறாம் இடம் பிடித்து முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. அதைப் பார்த்துப் பின்பற்றியவர்கள் புழுவை எடுத்துக்கொண்டார்கள், தூண்டிலை விட்டுவிட்டார்கள்.

எதிரணியும் சும்மா இருக்குமா? கோச் காஸ்பெரினியின் அட்டலாண்டா மைதானம் முழுக்க ஆளுக்கு ஓர் ஆள் என்று பிடித்துக்கொண்டது. 2024 யூரோப்பா லீக் இறுதியில் 51 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமலிருந்த லெவர்குசனை 3-0 என்று அது கவிழ்த்தது. இப்போது பெரிய அணிகள் பலவும் கோல் கிக்கின்போது இப்படித்தான் ஏறி வந்து பிடிக்கின்றன. அப்படிப் பிடிக்கையில் மைதானத்தின் கணக்கு என்ன? பத்துப் பேருக்குப் பத்துப் பேர். கோல்கீப்பர் மட்டும் தனியாள். கீழே எந்தப் பாஸ் போட்டாலும் அங்கே ஒருவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். மேலேயோ உங்கள் ஃபார்வர்டும் ஒரே ஒரு டிஃபெண்டரும், அந்த டிஃபெண்டருக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. போதாததற்கு, கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடும் கிடையாது! இந்த இடத்தில் நீளமாக உதைப்பதைப் பழைய பாணி என்பவர் விதிப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, மைதானத்தையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

குட்டைப் பாஸ் கோல்கீப்பர்களின் குருவாக எல்லோரும் காட்டுவது மான்செஸ்டர் சிட்டியில் இருந்த எடர்சனை. அவர் 2018இல் எதில் கின்னஸ் சாதனை படைத்தார் தெரியுமா? கையிலிருந்து விட்டு உதைத்ததில்: 75.35 மீட்டர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக அவர் தூக்கி அடித்த ஒரு பந்து நேராக அகுவேரோவிடம் போய்க் கோலானது. பின்னால் தள்ளி நின்றால் குட்டையாகத் தருவார், ஏறி வந்தால் தலைக்கு மேலே அனுப்புவார். எதிரணி நடுவே மாட்டிக்கொண்டு தவித்தது அதனால்தான். குருவிடம் இருந்த இரண்டு வித்தைகளில் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வந்த சீடர்களைப் பார்க்கையில் பாவமாக இருக்கிறது.

முறை நல்லது, ஆட்கள் சரியில்லை என்று இதற்குப் பதில் வரும். அதைத்தான் நானும் சொல்கிறேன். வின்சென்ட் கொம்பனியின் பர்ன்லி 2022-23இல் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பை 101 புள்ளிகளோடு வென்றது. அடுத்த ஆண்டு அதே கோச் பிரீமியர் லீகில் அதே மாதிரி ஆடவைத்தார்: 24 புள்ளிகள், இறக்கம். மறு ஆண்டே அவர் பேயர்ன் மியூனிக் போனார், புண்டஸ்லிகாவை வென்றார். மூன்று பருவங்களிலும் கோச் ஒருவரே, எண்ணமும் ஏறக்குறைய ஒன்றே. எதிரணியைவிடத் தன் ஆட்கள் தேர்ந்தவர்களாக இருந்தபோதெல்லாம் அது பலித்தது, இல்லாதபோது கவிழ்த்தது. அப்படியானால் வெற்றிக்குக் காரணம் முறை என்று எந்த முகத்தோடு சொல்வது? சவுத்தாம்ப்டன் எப்படி ஆடியிருந்தாலும் இறங்கியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களோடு மேலே வந்த லெஸ்டரும் இப்ஸ்விச்சும்கூட இறங்கின. ஆனால் அவை எடுத்தது 25, 22. இது 12.

தொழில்முறை அணிகள் பாடுபட்டுக்கொள்ளட்டும், சம்பளம் வாங்குகிறார்கள். என் கவலை பயிற்சியைப் பற்றியது.

ரோண்டோ என்ற பயிற்சி எல்லோருக்கும் தெரியும். வட்டமாக நின்று பந்தைச் சுற்றவிடுவார்கள், நடுவில் ஒருவரோ இருவரோ பிடுங்க முயல்வார்கள். பார்சலோனாவில் கிரைஃப் காலத்திலிருந்து அது தினசரி உணவு. நல்ல உணவுதான். ஆனால் ரோண்டோவில் கோல் கிடையாது, திசை கிடையாது, ஷாட் கிடையாது. ஒருவனைத் தாண்டிப் போகவேண்டிய தேவையும் இல்லை. அதை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளலாம். இலை நிறைய ஊறுகாயை வைத்துவிட்டு இதுதான் சாப்பாடு என்றால்? ஹெட்டரும், நீளப் பாஸை மார்பில் நிறுத்துவதும், ஒண்டிக்கு ஒண்டி தடுப்பதும் பயிற்சி நேரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

இதில் ஜெர்மனியின் அனுபவம் பாடப்புத்தகத்தில் வைக்கத் தக்கது. 2014இல் உலகக் கோப்பையை வென்ற நாடு 2018, 2022 இரண்டிலும் முதல் சுற்றோடு வெளியேறியது. வழவழவென்று பாஸ் போடும் மிட்ஃபீல்டர்கள் வரிசையில் நின்றார்கள். கோலடிக்க ஒரு சென்டர் ஃபார்வர்டு இல்லை. கடைசியில் 2022 உலகக் கோப்பைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்? முந்திய பருவத்தில் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த நிக்லாஸ் ஃபுல்க்ரூக்கை. 29 வயதில் முதல் முறையாக நாட்டுக்கு ஆடவந்தவர், ஸ்பெயினுக்கு எதிராகச் சமன் செய்த கோலை அடித்தார். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் சிறுவர் ஆட்டத்தையே மாற்றியது. 2024-25 பருவத்திலிருந்து மிகச் சிறியவர்கள் இருவருக்கு இருவர் அல்லது மூவருக்கு மூவர் என்ற அளவில், கோல்கீப்பர் இல்லாமல், நான்கு குட்டி கோல்களை வைத்து ஆட வேண்டும். எல்லோரும் பந்தைத் தொட வேண்டும், ஆளை எதிர்க்க வேண்டும், கோலடிக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கு முன்னோடியான ‘ஃபுனினோ’வை வடிவமைத்த ஹோர்ஸ்ட் வைன் ஒரு ஹாக்கி பயிற்சியாளர் என்பது கூடுதல் சுவாரசியம். வெளியாளுக்குத் தெரிந்தது வீட்டாளுக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று.

உச்சத்தில் இருப்பவர்களோ எப்போதோ நகர்ந்துவிட்டார்கள். 2025 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலானை 5-0 என்று துவைத்த பாரிஸ் அணி, அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களின் கிக்-ஆஃபிலேயே பந்தை வேண்டுமென்றே எதிரணியின் மூலைப்பக்கம் வெளியே அடித்தது. த்ரோ-இன் அவர்களுக்கு, நெருக்குவது நாம் என்று கணக்கு. பந்தை வைத்திருப்பதை ஒரு மதமாகவே ஆக்கியதாகச் சொல்லப்படும் குவார்டியோலா, சிட்டியின் கோச்சாக, அதே ஆண்டு எடர்சனை அனுப்பிவிட்டு கோல்கீப்பர் டொன்னரும்மாவை எடுத்தார். பாஸுக்காக அல்ல, ஷாட்டைத் தடுப்பதற்காகப் பெயர் வாங்கியவர் அவர். அந்த செப்டம்பரில் ஆர்சனலோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் சிட்டியிடம் பந்து இருந்தது மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை.

ஆர்சனல் கதை இன்னும் வேடிக்கை. பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிந்த ரோரி டெலப், ஸ்டோக் சிட்டிக்காக நீள த்ரோ-இன் வீசிக் கோல் வரவழைத்த நாட்களில், அன்றைய ஆர்சனல் மேலாளர் வெங்கர் முகம் சுளித்தார். த்ரோ-இன்னைக் காலால் உதைக்கும்படி விதியை மாற்றலாம் என்றுகூடச் சொன்னார். இன்று கார்னருக்கும் ஃப்ரீகிக்குக்குமே தனி கோச் வைத்து, 2021 முதல் நிக்கோலா ஜோவேரின் கையில் அதை ஒப்படைத்துக் கோல் குவிக்கிறது அதே ஆர்சனல். பிரென்ட்ஃபோர்டு ஒரு படி மேலே போய், 2025இல் இதே மாதிரியான தன் செட்-பீஸ் கோச் கீத் ஆண்ட்ரூஸையே தலைமைக் கோச்சாக உட்காரவைத்தது.

தூக்கி அடித்துவிட்டு ஓடு என்ற காலத்துக்குத் திரும்பச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை ஐயா. நான் கேட்பது, எங்கே இடம் இருக்கிறது என்று பையன் தலை நிமிர்ந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவனே முடிவெடுக்கட்டும் என்பதுதான். போன வருஷம் ஒரு மைதானத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்களின் ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்தேன். கோல்கீப்பர் பையன் நிமிர்ந்து பார்த்தான். எதிரணி மொத்தமும் அவன் பாக்ஸைச் சுற்றி நின்றது. தூரத்தில் அவன் கூட்டாளி ஒருவன் தனியாகக் கைதூக்கிக்கொண்டிருந்தான். இவன் ஓங்கி உதைத்தான். பந்து கூட்டாளிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து வெளியே ஓடிவிட்டது. கோச் அவனை வெளியே கூப்பிட்டு, “எத்தனை தடவ சொல்றது, ஷார்ட்டா ஆடுன்னு!” என்று கத்தினார். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்க அவர் தயாராக இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அப்பாவும் அதை ஆமோதித்தார்.

அந்த கோச்சுக்கும் அந்த அப்பாவுக்கும், அவர்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பையன் நீளமாக உதைத்தால், கத்துவதற்கு முன் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அங்கே கைதூக்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறானா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.