கேரவன் ஓகே... ராத்திரி எங்கே நிறுத்துவது? ரிட்டயர்டு பெற்றோரின் கடற்கரை ட்ரிப்பும் கவனிக்காத கேள்வியும்

காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ். ஜன்னலைத் திறந்தால் கடல். ரிட்டயர் ஆன தம்பதிகள் இப்படி ஊர் ஊராகச் சுற்றும் ரீல்ஸ் இப்போது எல்லார் ஃபோனிலும் வருகிறது. சேலம் அம்மாபேட்டை மாதிரி, பக்கத்தில் கடலே இல்லாத ஊரில் வாழ்க்கை முழுக்க வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவதில் தப்பே இல்லை. "பேரப் பிள்ளையைப் பாத்துக்கிட்டு வீட்டிலேயே இருங்க" என்று சொல்லும் பிள்ளைகள்தான் கொஞ்சம் மாற வேண்டும்.

ஆனால், ரீல்ஸில் வராத ஒரு கேள்வி இருக்கிறது. வண்டி கிளம்பும் முன்பே வீட்டம்மா கேட்டுவிடுவார்: "ஏங்க, ராத்திரி வண்டியை எங்கங்க நிறுத்துவீங்க? பாத்ரூமுக்கு என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்குத் தமிழகக் கடற்கரை ஊர்களில் இன்னும் சரியான பதில் இல்லை. கிராஜுவிட்டி பணத்தை எடுத்து வண்டி வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

வெளிநாட்டில் எப்படி முடிகிறது?

ஆஸ்திரேலியாவில் இப்படிச் சுற்றும் மூத்தவர்களுக்கு 'கிரே நோமட்ஸ்' என்றே பெயர். நரைத்த நாடோடிகள். அங்கே இது ஓடுவதற்குக் காரணம் வண்டி மட்டும் கிடையாது. கடற்கரையோரச் சின்ன ஊர்களில்கூட கேரவன் பார்க் இருக்கும். உள்ளூர் நிர்வாகமே நடத்தும் பார்க்குகளும் உண்டு. கரன்ட் பாயின்ட், குடிநீர்க் குழாய், குளியலறை, டாய்லெட் கழிவைக் கொட்டத் தனி இடம் என எல்லாம் இருக்கும். அங்கே வண்டி ஒரு படுக்கை அறை. வீட்டின் மீதிப் பாதியை ஊர் கொடுக்கிறது.

நம்மூரில் என்ன நிலைமை?

கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்து, 2022-ல் வாகமனில் முதல் கேரவன் பார்க்கைத் திறந்தது. 2023-ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. காகிதத்தில் ஆரம்பம் நன்றாகவே இருக்கிறது.

ரோட்டுக்கு வருவோம். சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை வழியாகப் போனால் கடலூர் சுமார் 200 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே சிதம்பரம், பூம்புகார், 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. ஒரு வாரத்துக்கு இதைவிட நல்ல ரூட் கிடைக்காது. ஆனால், ஒவ்வொரு ஊரிலும் இருட்டியதும் அதே கேள்வி வரும்: எங்கே நிறுத்துவது?

'பீச்சிலேயே நிறுத்திக்கலாமே' என்று தோன்றும். அந்த மணல் பல ஊர்களில் மீனவர்களின் வேலை இடம். படகு ஏற்றுவதும், வலை காயப்போடுவதும், விடியற்காலையில் மீன் ஏலம் விடுவதும் அங்கேதான். அதன் நடுவில் டிரெய்லரை நிறுத்துவது, அம்மாபேட்டையில் தறி ஓடுகிற வீட்டுக்குள் போய்ப் பாய் விரித்துப் படுப்பது மாதிரி. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குப் பகலில் போகலாம். இரவில் தங்க அனுமதி கிடையாது.

அடுத்தது கழிவு. இத்தகைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் கேசட் டாய்லெட். அதாவது, அடியில் ஒரு பெட்டி. இரண்டு பேர் பயன்படுத்தினால் சில நாளில் நிரம்பிவிடும். முறையாகக் கொட்ட இடம் இல்லையென்றால் அது எங்கே போகும்? வாய்க்காலிலோ முள்காட்டிலோதான். அழகான ஊரைப் பார்க்க வந்தவர்களே அதை நாறடித்துவிட்டுப் போவார்கள்.

ஓட்டுவது ஈஸியா?

அரசு ஊழியர்களின் ஓய்வு வயதைத் தமிழக அரசு 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தியது. ஆக, பலர் இந்த ட்ரிப்பைத் தொடங்கும்போதே அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அந்த வயதில் லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும்.

டிரெய்லர் இழுப்பதும் புது வித்தைதான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் ஆகும். பக்கக் காற்று அடித்தால் ஆட்டும். முப்பது வருடம் கார் ஓட்டிய அனுபவம் இதற்கு அப்படியே கைகொடுக்காது. காலி மைதானத்தில் சில நாள் பழகாமல் ஈ.சி.ஆர். பக்கம் போகவே கூடாது. வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கவும் கூடாது.

சீசனும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இதே நாகை, வேதாரண்யம் பக்கம்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போவது நல்லது.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதல் ட்ரிப்புக்கு வண்டி வாங்கவே வேண்டாம். வாடகை வேனில் நாலு நாள், இரவில் ரூம் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். தினம் எவ்வளவு தூரம் தாங்குகிறது, முதுகு என்ன சொல்கிறது, மாத்திரை, ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் எப்படி என்பது அதிலேயே தெரிந்துவிடும். வண்டியின் விலை வாங்கிய அன்றே இறங்க ஆரம்பிக்கும். ஓய்வுக்காலப் பணம் இன்னொரு முறை வராது.

அரசின் பங்கு இன்னும் பெரியது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு மாமல்லபுரம், ராமேஸ்வரம், கன்னியாகுமரியில் ஏற்கெனவே தங்கும் விடுதிகள் இருக்கின்றன. காவலாளி, தண்ணீர், கரன்ட் எல்லாம் அங்கே உண்டு. அந்த வளாகங்களில் இடம் இருக்கும் இடத்தில் நாலைந்து வண்டி நிற்கக் கோடு போட்டு, கட்டணம் வைத்தால் போதும், தொடங்கிவிடலாம். செப்டிக் டேங்க் லாரிகள் கழிவைக் கொண்டுபோகும் சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த வண்டிகளையும் அனுமதிக்கலாம்.

'பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு ஏன் அரசு செலவு செய்ய வேண்டும்?' என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அம்மாபேட்டையில் தறி நெய்பவருக்கு ரிட்டயர்மென்ட் தேதியே கிடையாது. அவருக்கு எதற்கு கேரவன் பார்க்? ஆனால், வெளிச்சமும் டாய்லெட்டும் தண்ணீரும் உள்ள ஒரு நிறுத்துமிடம் கேரவனுக்கு மட்டும் பயன்படாது. அடுப்பும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வேனில் கோயில் டூர் போகும் குடும்பங்கள், வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் நடந்து போகிறவர்கள், நாமக்கல் லாரி டிரைவர்கள் என எல்லாருக்கும் தேவையான இடம் அது. முக்கியமாகப் பெண்களுக்கு. கேபினிலேயே சமைத்து, எந்த பங்க்கில் ராத்திரி லைட் எரியும் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் டிரைவர்களிடம் கேட்டாலே, எங்கெங்கே கட்டலாம் என்று லிஸ்ட் கொடுத்துவிடுவார்கள்.

வண்டி கட்டவும் நமக்குத் தெரியும். லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்கு கரூர் என்று நாடே தேடி வருகிறது. பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. கடற்கரையும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. நடுவில் இல்லாதது, அறுபது வயது அம்மா ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குப் பயமில்லாமல் இறங்கிப் போய்வர ஒரு சுத்தமான டாய்லெட். அரசு முதலில் அதைக் கட்டட்டும். கேரவன் விளம்பரத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.