பெட்ரோல் மணலை அள்ளுவது யார்?

திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில், செஞ்சிக்குள் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்தால் தீயணைப்பு வண்டி வரும், நுரை அடிக்கும், போய்விடும். பெட்ரோல் ஊறிய மணலை அள்ள யாரைக் கூப்பிடுவார்கள்? பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்களைத்தான். அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் படர்ந்தபோதும் மீனவர்களின் கைகள்தான்.

பெட்ரோல் இன்னும் மோசம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குனிந்து அள்ளுபவரின் மூக்கும் அங்கேதான் இருக்கும். அதிலுள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. சாக்கடையில் கழுவிவிடலாமா? மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1992-ல் அப்படிச் சாக்கடைக்குள் கசிந்த பெட்ரோல் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அபாயகரக் கழிவு விதிகள், 2016-ன்படி பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் தருவது கழிவுக்குப் பொறுப்பானவரின் கடமை. கழிவு போகவேண்டிய இடம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு மையம். ஊர்க் குப்பைக்கிடங்கு அல்ல. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டமோ, ஆபத்தான துப்புரவு என்பதைச் சாக்கடையோடும் மலக்குழியோடும் நிறுத்திவிட்டது. பெட்ரோல் மணலில் மயங்கி விழுபவருக்கு அதில் இடமில்லை.

எண்ணெய் நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஆட்கள் வரும்வரை பேரூராட்சிப் பணியாளர் யாரையும் இறக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் முன்கூட்டியே உத்தரவிடலாம். செலவும் அந்த நிறுவனத்துடையதே.