மணல் போன கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையத்துக் கரையில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் கடல் மேலே ஏறிவிட்டது. போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “பனிமலை உருகுது சார், என்ன பண்றது?” என்று முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். உள்ளூர் யார் மேலும் பழி விழாத பதில். அதனாலேயே எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

கடல் ஏறுவது பொய்யில்லை. எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தினசரி ஏற்றவற்றம். வங்காள விரிகுடாவின் வடகோடியில், ஹூக்ளி முகத்துவாரத்துச் சாகர் தீவில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அங்கே விரிகுடா ஒடுங்கிக்கொண்டே போகிறது, ஆழமும் குறைகிறது. உள்ளே வந்த நீர் பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. நம்முடையது திறந்த கரை, நீரை நெருக்க ஒன்றும் இல்லை. சந்திரன் முழு பலத்தோடு இழுக்கும் நாளிலும் இங்கே மூன்றடியைச் சுற்றித்தான் வித்தியாசம். அஷ்டமி, நவமி வாக்கில் அதில் பாதிகூடத் தேறாது.

அடுத்தது பருவம். வருஷம் முழுக்கக் கடல் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மாசி, பங்குனியில் தாழ்ந்து, ஐப்பசி, கார்த்திகையில் உயர்கிறது. வாடைக் காற்று வீசும்போது கடல் நீரோட்டம் ஆந்திரக் கரையிலிருந்து நம் கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிறது. பூமி சுழல்வதால் ஓடும் நீர் வலப்பக்கம், அதாவது கரைப்பக்கம், ஒதுங்கிக் குவிகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டிய நன்னீரும் அதோடு சேர்ந்து வருகிறது. ஆக மொத்தம் முக்கால் அடி, ஓர் அடி கூடுகிறது. மயிலம் முருகன் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரிக்கு வருவதும் பௌர்ணமியை ஒட்டித்தான். ஆனால் அன்றைய ஏற்றம் கார்த்திகைப் பௌர்ணமி ஏற்றத்தின் உயரத்துக்கு வராது. புயல் வந்தால் கணக்கே வேறு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும், அதற்கு மேல் காற்று தள்ளிவரும் நீர். ஆனால் இவை எல்லாம் வந்த வழியே இறங்கிப் போய்விடும்.

இறங்காமல் நிற்பது புவி வெப்பத்தால் வரும் ஏற்றம்தான். வட இந்தியப் பெருங்கடல் 1993 முதல் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து வந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம். இருபதுக்கு ஒன்று என்று சரியும் கரையில் இந்த நாலு அங்குலம் இரண்டு மீட்டர் நிலத்தை நனைக்கும். அலை அரிப்பதையும் சேர்த்தால் இன்னும் சில மீட்டர். நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் இது பெரிய தொல்லையாகப் போகிறது, சந்தேகமில்லை. ஆனால் படகை இழுத்துப் போட்டு, வலையைக் காயவைத்து, அதற்குப் பின்னாலும் பிள்ளைகள் ஓடியாட இடம் இருந்த கரையை இந்த நாலு அங்குலம் மட்டும் தின்றிருக்க முடியாது.

கரையில் போய் நின்றாலே தெரியும். மணல் சரிந்து இறங்கவில்லை; மண்வெட்டியால் வெட்டியதுபோல் ஆள் மட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. மேலே தென்னை, அதன் வேரில் பாதி அந்தரத்தில். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “தண்ணி அதே தண்ணிதான் தம்பி. நம்ம கால்ல இருந்த மண்ணுதான் போயிடுச்சு. பள்ளத்துல நின்னுகினு பாத்தா கடல் ஒசரமாத்தான் தெரியும்.”

அந்த மண் எங்கே போனது? இந்தக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை அதை வடக்கே தள்ளுகிறது. வாடைக் காலத்தில் சில மாதம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நடக்கிறது. தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில், 1980களின் பிற்பகுதியில், புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தலைமடையில் அடைத்தால் கடைமடை காய்கிற மாதிரி, சுவருக்குத் தெற்கே மணல் மேடு தட்டியது, வடக்கே வரத்து நின்றது. புதுச்சேரி நகரக் கரை போயிற்று. அங்கே கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பிக்க, அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று தாவி, புதுச்சேரி எல்லை கடந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி வழியாக இங்கே வந்து சேர்ந்தது.

இது முன்பு பார்க்காத விஷயமும் அல்ல. சென்னையில் 1876இல் துறைமுக வேலை தொடங்கியபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. நூறு வருஷ அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் புதுச்சேரியிலும் அதையே செய்தோம்.

மருந்தும் தெரியாததல்ல. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை 2018இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கினார்கள். அதோடு துறைமுக வாயில் தூர்வாரிய மணலும் சேர, காணாமல் போன நகரக் கடற்கரை திரும்பி வந்தது. ஆக, மணல் கிடைத்தால் கரை வளரும்.

சிக்கல் நிர்வாகத்தில்தான். சுவர் இருப்பது புதுச்சேரி அரசின் எல்லையில், பறிபோகும் கரை இன்னொரு அரசின் எல்லையில். அந்த அரசின் கோப்பில் பொம்மையார்பாளையம் இல்லை. இந்த அரசின் கோப்பில் துறைமுகம் இல்லை. அதனால் இங்கே ஒவ்வொரு முறையும் கேட்பதும் கிடைப்பதும் கல்லாகவே இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் தூண்டில் வளைவு தன் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும், அதற்கான விலையை வடக்கே அடுத்த குப்பம் கொடுக்கும். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுகிறவர்கள் இனி ஒரு வரி கூடுதலாக எழுதட்டும்: துறைமுக வாயில் வருஷா வருஷம் வாரும் மணலை இவ்வளவு என்று அளந்து, எங்கள் கரைக்கு வரவேண்டிய பங்கை எங்கள் கரையில் கொட்டுங்கள்.