சிரமதானப் பாதையும் ஓடுபவரின் கடமையும்

வன்னியில் மீளக்குடியேறிய ஒரு விவசாயக் கிராமம். அங்குள்ள பிள்ளைகள் பிரதான வீதியால் சுற்றிப் பாடசாலைக்குப் போவதானால் ஆறு கிலோமீற்றருக்கு மேல் செல்லவேண்டும். வாய்க்கால் ஓரமாகவும் குளக்கட்டு வழியாகவும் போனால் அதில் அரைவாசித் தூரமும் இல்லை. அது முன்னோர் காலத்து வண்டிப் பாதை. மக்கள் இடம்பெயர்ந்து அலைந்த ஆண்டுகளில் பற்றை மூடிக் கிடந்தது. ஊர் கூடித் தீர்மானித்து, நான்கு சனிக்கிழமைகள் சிரமதானம் செய்து அதை மீண்டும் திறந்தது. ஆண்கள் கத்தியும் மண்வெட்டியும் அலவாங்குமாக வந்தார்கள். பெண்கள் கடகத்தில் கிரவல் சுமந்தார்கள். மதிய உணவும் அவர்களே சமைத்தார்கள். அரசாங்கத்தின் பணமோ திருச்சபையின் பணமோ அதில் ஒரு சதமும் இல்லை. வேலை முடிந்த மறுநாள் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போனதைப் பார்த்து முதியவர்கள் கண்கலங்கினார்கள்.

அந்தப் பாதையை முதலில் பழுதாக்கியவர்களில் நானும் ஒருவன். மாரி மழை விட்ட ஒரு காலை, பூசைக்கு நேரமாகிவிட்டதென்று ஈர மண்ணில் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போனேன். இரண்டு இடத்தில் சில்லுப் புதைந்தது. எஞ்சினை முறுக்கி ஏற்றிக்கொண்டு போனேன். பூசை முடிந்து திரும்பும்போது, கடகம் சுமந்தவர்களில் ஒருவரான ஓர் ஆச்சி என்னை மறித்தார். “சுவாமி, பிள்ளையளுக்கெண்டு வெட்டின பாதை. நீங்கள் றோட்டால சுத்தி வந்திருக்கலாம்தானே” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கோ பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் விட்ட தடத்தில் அடுத்த மழையின் நீர் நின்றது. நீர் நின்ற இடம் குழியானது. குழிக்கு விலகி ஓடியவர்கள் வாய்க்கால் கரையை உடைத்தார்கள்.

பின்னர் மணல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் அதே வழியால் வந்தன. விடுமுறை நாட்களில் தடித்த ரயர் பூட்டிய கியர் சைக்கிள்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் நகரத்து இளைஞர் வந்து, விளையாட்டாகக் குளக்கட்டின் சரிவில் ஏறி இறங்கினார்கள். ஒரே மாரியில் நான்கு சனிக்கிழமைகளின் உழைப்புச் சேறாகியது.

அதன்பின் நடந்த ஊர்க்கூட்டத்தில் இரண்டு கருத்துக்கள் மோதின. “பாதைக்குப் படலை போட்டுப் பூட்டுவோம். எங்கள் உழைப்பு, எங்கள் பாதை” என்றனர் ஒரு சாரார். “முள்ளுக்கம்பியும் தடைமரமும் நாங்கள் பட்டது போதாதா? இனி நாங்களே இன்னொருவனை மறிப்பதா?” என்றனர் மற்றவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. இந்தக் கேள்வி ஓர் ஊரின் கேள்வி மட்டுமன்று. ஆதலால் என் கருத்தை இங்கு எழுதுகிறேன்.

மூடிய பாதையின் வேதனை நம் மக்களுக்குப் புதிதல்ல. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபின் மூடப்பட்ட பலாலி வீதியின் பகுதி 2025 ஏப்ரலில்தான் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறந்தபோதும் நேரக் கட்டுப்பாடு இருந்தது. மன்னார் முள்ளிக்குளம் மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, வீதியோரத்தில் அமர்ந்து போராடிய பின்னரே காணியில் ஒரு பகுதி பற்றிய வாக்குறுதி கிடைத்தது. 1992இல் இரணைதீவை விட்டு வந்தவர்கள் 2018இல் தாங்களே படகேறித் திரும்பிப் போனார்கள். பாதை என்பது மண் மட்டுமல்ல, திரும்பிச் செல்லும் உரிமையும் அதுவே என்பதை இந்த மக்களைவிட அறிந்தவர் யார்? ஆகவே படலை போட்டுப் பூட்டுவது நமக்கு ஏற்ற வழி என்று நான் நினைக்கவில்லை. மேலும், குளக்கட்டும் வாய்க்கால் ஒதுக்கீடும் பொதுக் காணி. அதில் நாம் சிந்திய வியர்வை அந்தக் காணியை நமக்குச் சொந்தமாக்காது.

ஆனால் பொதுவானது என்பதற்கு, யாரும் எப்படியும் பாவிக்கலாம் என்று பொருளல்ல. நாம் சிந்தித்துப் பார்க்கவேண்டிய இடம் இது. பொதுச் சொத்து கவனிப்பாரின்றிக் கெட்டால் முதலில் இழப்பவர் ஏழைகளே. உழவு இயந்திர உரிமையாளருக்கு வேறு வழி உண்டு. நகரத்து இளைஞருக்கு வேறு மைதானம் உண்டு. சைக்கிளில் பாடசாலை போகும் பிள்ளைக்கும், நெல் மூட்டையைக் கரியரில் வைத்துத் தள்ளிச்செல்லும் கமக்காரனுக்கும் அந்த ஒரு பாதைதான் உண்டு.

சைக்கிளின் அருமையை நாம் மறந்துவிடக்கூடாது. எரிபொருள் தடை நிலவிய 1990களில் வடக்கின் நோயாளியும் விறகும் நெல்லும் துவிச்சக்கர வண்டியில்தான் ஏறின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் முழு வீடும் ஒரு சைக்கிளில் கட்டப்பட்டுப் போனதைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, கொழும்பும் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தது.

சிரமதானத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. நான் இதை எழுதும் மருதானைக்கு அருகில்தான் நாலந்தாக் கல்லூரி இருக்கிறது. அங்கு ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் தம் மாணவர்களைக் கனதொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கு நடந்த உழைப்பு முகாமிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. 2024 ஏப்ரலில் அவர் மறைந்தார். பாதையை மக்கள் அமைக்கும்போது பாதையும் மக்களை அமைக்கிறது என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படைச் சிந்தனை. அதை இன்னும் ஓரடி முன்னெடுத்துச் செல்ல வேண்டும். அமைப்பவரை மட்டுமன்றி, ஓடுபவரையும் அந்தப் பாதை மனிதராக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தமல்பாயிஸ் என்றொரு மலை உண்டு. 1970களில் அங்குள்ள இளைஞர் பழைய பாரச் சைக்கிள்களைத் திருத்தி, காட்டுத் தீயணைப்புப் பாதைகளால் வேகமாக இறங்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் விற்கப்படும் மலைச் சைக்கிள் அங்கிருந்து வளர்ந்தது. வேகம் கூடியபோது நடப்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் முறையிட்டனர். பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1988இல் சைக்கிள் கழகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கத்தை அமைத்து, தமக்குத் தாமே விதி எழுதிக்கொண்டன. திறந்த பாதையில் மட்டும் ஓடு; தடம் விடாதே; வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திரு; மற்றவருக்கு விலகிக்கொடு; மிருகங்களை மிரட்டாதே; முன்யோசனையோடு புறப்படு என்பவை அவற்றின் சாரம். அங்கு கழக உறுப்பினர்களே விடுமுறை நாட்களில் மண்வெட்டி எடுத்துப் பாதை திருத்துகிறார்கள். ஓடுபவனே திருத்துபவனாகவும் இருப்பதால், ஈர மண்ணில் சில்லு இறக்க அவன் மனம் கூசும்.

நமது மலையகத்திலும் ஒரு பாடம் உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா வரை, 22 பகுதிகளாக, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ பாதை’ உல்லாசப் பயணிகளுக்காக அண்மைக் காலத்தில் ஒழுங்குசெய்யப்பட்டது. வெளிநாட்டவர் அதில் நடக்கிறார்கள், சிலர் சைக்கிளிலும் செல்கிறார்கள். அந்த வழிகளிற் பெரும்பாலானவை தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்து மிதித்த வழிகள். அவர்களின் மூதாதையர் தலைமன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023இல் அதே வழியில் மீண்டும் ஒரு நடைபயணம் நடந்தது. பாதையைப் பாவிப்பவர் அதை மிதித்து உண்டாக்கியவரை மறக்கலாகாது. லயத்தின் வாசலால் செல்லும் பயணி அந்த வீட்டாருக்கு வணக்கம் சொல்லவும், அங்கு தேநீர் வாங்கிக் குடிக்கவும், குப்பையைத் திருப்பி எடுத்துச் செல்லவும் கடமைப்பட்டவர்.

வேதாகமமும் இதைத் தெளிவாகப் பேசுகிறது. தன் கால்நடையை மேயவிட்டு அது பிறன் வயலை அழித்தால், தன் வயலின் நல்ல விளைச்சலிலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்று விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் சட்டம் விதிக்கிறது. அன்று மாடு, இன்று சில்லு. நீதி ஒன்றுதான். மன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடாமல், பழுதாக்கியவர் திருத்தியும் கொடுக்க வேண்டும். ஆச்சியிடம் திட்டு வாங்கிய அடுத்த சனிக்கிழமை நானும் மண்வெட்டியோடு போனேன். அது பெருமையல்ல, கடன்.

பாதை அமைக்க எண்ணும் ஊர்களுக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, காணி யாருடையது என்று அறிந்து தொடங்குங்கள். சிறு குளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களம்; பெரிய குளமானால் நீர்ப்பாசனத் திணைக்களம்; ஊர் ஒழுங்கையானால் பிரதேச சபை; காடானால் வனத் திணைக்களம். கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுத்தில் அனுமதி கேட்டு, பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்து, ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைத்து நிற்கும் நம் குடும்பங்கள், காட்டை வெட்டினார்கள் என்ற ஒரு வழக்கில் அகப்பட்டால் உள்ளதையும் இழக்க நேரும்.

இரண்டாவது, கண்ணிவெடி. வடக்கில் அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. விடுவிக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு பற்றையும் வெட்டக்கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி, அறிவியுங்கள்.

மூன்றாவது, நீருக்கு வழி விடுங்கள். பாதையின் நடு உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். தாழ்ந்த இடத்தில் குழாயோ சிறு மதகோ வைக்க வேண்டும். குளக்கட்டை எக்காரணம் கொண்டும் வெட்டவோ அதன் சரிவில் ஓடவோ கூடாது. கட்டின் புல்வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. புல் அழிந்த தடத்தால் மழைநீர் இறங்கினால் அரிப்பு ஆரம்பமாகும். கட்டு உடைந்தால் அழிவது ஓர் ஊரின் வயல் முழுவதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது வெள்ளமும் மண்சரிவும் என்ன செய்தன என்பதை நாடே கண்டது.

நான்காவது, ஓடும் ஒழுங்கை ஊரே எழுதட்டும். மழை பெய்து மண் காயும்வரை மோட்டார் வாகனம் இல்லை. சைக்கிளும் புதைந்தால் இறங்கித் தள்ளுவது. நடப்பவருக்கும் பாரம் சுமப்பவருக்கும் கால்நடைக்கும் சைக்கிள் விலக வேண்டும். சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் விலக வேண்டும். பார வாகனத்துக்கு இடமில்லை. இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதி இரு முனையிலும் நாட்டுங்கள். பார வாகனம் நுழையாதபடி முனையில் இரண்டு கல்லை நடுவதற்கு முன் அனுமதி தந்த அலுவலகத்தையும் கேளுங்கள். சைக்கிள் போகும் இடைவெளி இருந்தால் அது படலையாகாது.

ஐந்தாவது, பராமரிப்புக்கு நாள் குறியுங்கள். காலபோக மழைக்கு முன் ஒரு நாள், மழை முடிந்தபின் ஒரு நாள். பாவிக்கும் வீடு ஒவ்வொன்றும் ஓர் ஆளை அனுப்பட்டும். வெளியூர் சைக்கிள் கழகத்தினர் வர விரும்பினால், முதலில் அந்த நாளில் வரட்டும். கூடவே, தீர்மானம் எடுக்கும் கூட்டத்தில் பெண்களை உட்கார வையுங்கள். கிரவல் சுமந்தவர்களைக் கேளாமல் பாதைக்கு விதி எழுதுவது அநீதி.

மணல் ஏற்றும் இளைஞருக்கும் வயிறு உண்டு என்று சிலர் கேட்பார்கள். உண்மை. அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்து, பிரதான வீதியால் போவதற்கு ஆகும் மேலதிகச் செலவைப் பற்றிப் பேசுங்கள். அவர்களில் பலர் நம் பிள்ளைகளே. ஆனால் ஓர் ஏற்றுக் கூலிக்காகச் சிறுமி ஒருத்தியின் பாடசாலை வழி அழியலாகாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நான் சொன்ன ஊரில் இன்னும் முடிவு எட்டப்படவில்லை. படலை கேட்டவர்கள் மரம் அரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தைப் பலகையாக்கி விதிகளை எழுதுவோம் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், விதைப்புத் திகதியோடும் நீர் திறக்கும் திகதியோடும் சேர்த்துப் பாதையும் ஒரு விடயமாகப் பேசப்படவிருக்கிறது. வாசகர்களே, உங்கள் ஊர்க் கூட்டத்திலும், நீங்கள் இன்னும் தங்கியிருக்கும் இடத்திலும் இதைப் பேசுங்கள். சொந்த ஊருக்குத் திரும்பும் நாளுக்காகக் காத்திருப்பவர்களும் இந்தப் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். முகாமின் கிணற்றடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் பொதுப் பாதைதான்.