கையெழுத்து வாங்கிட்டா போதுமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எச்.ஐ.வி. பாடத்தில் நான் பார்த்த போட்டோ எல்லாம் உடம்பின் துண்டுகள். நாக்கில் வெள்ளைப் படலம், காலில் ஊதா நிறக் கட்டி, எலும்பு தெரியும் மார்பு. முகம் வந்தா கண்ணுக்கு மேல கறுப்புப் பட்டை. நோயைத் தெரிஞ்சுக்க அது தேவைதான். ஆனா அந்த நோய் வந்தவங்க யாருன்னு அதில் ஒன்னும் தெரியாது.

பல வருஷம் கழிச்சு ஷான்டல் ரெக்னோ எடுத்த படங்களைப் பார்த்தேன். 1989 முதல் 1992 வரை நியூயார்க்கில், ஹார்லெம் பகுதியில் நடந்த 'பால்' போட்டிகள். கறுப்பின, லத்தீன் இனத்தைச் சேர்ந்த தன்பாலீர்ப்பு ஆண்களும் திருநங்கைகளும் தங்களுக்காகவே நடத்திக்கிட்டது. உடை, நடை, வோகிங் நடனம், கோப்பை. ஒவ்வொரு அணிக்கும் பேர் 'ஹவுஸ்', அதுக்கு ஒரு 'மதர்'. வீட்டில் துரத்திவிட்ட பிள்ளைகளுக்கு அவங்கதான் அம்மா. நம்ம ஊர் திருநங்கைகள் ஜமாத்தில் மகளா ஏத்துக்கிறாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

எய்ட்ஸ் அந்த ஊரை உலுக்கிட்டு இருந்த வருஷங்கள் அவை. உயிரைக் காப்பாத்தும் கூட்டு மருந்து சிகிச்சை வர 1996 ஆச்சு. ஆனா இந்தப் படங்களில் இருக்கிறவங்க, தாங்களே தேர்ந்தெடுத்த உடையில், தாங்களே தேர்ந்தெடுத்த போஸில் நம்மை நேரா பார்க்கிறாங்க. பேரும் இருக்கு. என் பாடப்புத்தகம் மறைச்ச பாதி இதுதான்.

அதுக்காக கேமரா தூக்கிட்டுப் போன எல்லாரையும் கும்பிடச் சொல்லலை.

இதே மக்களைப் பத்தி 1990ல் வந்த 'பாரிஸ் இஸ் பர்னிங்' ஆவணப்படத்தை எடுத்துக்குங்க. ஜென்னி லிவிங்ஸ்டன் இயக்கினது. அருமையான படம். சுமார் 40 லட்சம் டாலர் வசூல். படத்துக்குப் பேர் கொடுத்ததே பாரிஸ் டுப்ரீ நடத்திய பால்தான். அவர் 4 கோடி டாலர் கேட்டுக் கிளம்பினார். வக்கீல்கள் பார்த்தாங்க, சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்து இருக்கு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. கடைசியில் சுமார் 55,000 டாலரை 13 பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. ஆவணப்படத்தில் வர்றவங்களுக்குப் பணம் கொடுக்கிற வழக்கமே இல்லைங்கிறது எதிர்த்தரப்பு வாதம். சட்டப்படி சரி. வீனஸ் எக்ஸ்ட்ராவகன்சா படம் வெளிவரும் முன்னாடியே, 1988ல், கொலை செய்யப்பட்டார். அவருக்குத் தன் படத்தைப் பார்க்கக்கூட கொடுத்து வைக்கலை.

இன்னொரு பக்கம் ஜெரார்ட் காஸ்கின். டிரினிடாடில் பிறந்தவர். சுமார் 20 வருஷம் திரும்பத் திரும்பப் போய் பால்களைப் படம் எடுத்தார். 'லெஜண்டரி' புத்தகம் வந்தது 2013ல்தான். 20 வருஷம் போய் நின்னா, எடுத்த படத்தைப் பத்தி அவங்க உங்களை முகத்துக்கு நேரா கேள்வி கேட்கலாம். எனக்கு முக்கியமா படுறது அதுதான். ஆபரேஷனுக்கு ஒப்புதல் கொடுத்த நோயாளி டேபிளில் ஏறும் வரைக்கும் மனசு மாத்திக்கலாம். போட்டோவுக்கு மட்டும் ஒரு தடவை போட்ட கையெழுத்து ஏன் சாகும் வரைக்கும் செல்லணும்?

இதை நான் வெளியில் நின்னு பேசலை. ஒரு பையன், எச்.ஐ.வி. பாசிட்டிவ், தோலில் கொப்புளங்கள். முறைப்படி கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்தேன். கருத்தரங்கில் காட்டினேன், கைத்தட்டலும் வாங்கினேன். எட்டு மாசம் கழிச்சு, உடம்பு தேறி, செக்கப்புக்கு நல்லா டிரஸ் பண்ணிட்டு வந்தான். கிளம்பும்போது கேட்டான்: "அந்த போட்டோவை என்ன சார் பண்ணீங்க?"

சொன்னேன்.

"அழிச்சிடுங்க சார். இப்ப நான் அப்படி இல்லல்ல?"

அவன் முன்னாடியே போனில் இருந்து அழிச்சேன். சாயங்காலம், ஸ்லைடை என்கிட்ட வாங்கிட்டுப் போன ஆறு டாக்டர்களுக்கு போன் அடிச்சேன். நாலு பேர் எடுத்தாங்க.