கரை வழியே ஒரு சைக்கிள் சுற்று



சம்பா அறுவடை முடிந்து, தாளடி வயல்களும் மஞ்சள் தட்டும் இந்த நாட்களில் சைக்கிளோடு தஞ்சைப் பக்கம் வரப்போவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். லாரி ஓடும் சாலை வேண்டாம், ஆறும் மரங்களும் கூடவே வரவேண்டும், புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரவேண்டும் என்று கேட்கிறார்கள். யோசிக்காமலே எனக்கு வாயில் வந்த ஊர் திருப்பனந்தாள்.

டெல்டாவில் மலை கிடையாது, குன்று கிடையாது. சாலையில் போகிறவருக்கு அடுத்த தென்னந்தோப்பு வரைக்கும்தான் பார்வை எட்டும். இங்கே மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதில் ஏறிவிட்டால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ வயல், வாய்க்கால், களம், கோபுரம் என்று எல்லாம் கண்ணுக்குக் கிடைத்துவிடும். மதகு மதகாகப் பார்த்துக்கொண்டு போகும் பொதுப்பணித் துறை லஸ்கர்கள் பல காலமாகச் சைக்கிள் மிதித்த பாதை அது. சில இடத்தில் தார் போட்டிருக்கிறார்கள், சில இடத்தில் கிராவல் அடித்திருக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் டிராக்டர் சக்கரம் பதிந்த இரண்டு தடமும் நடுவில் அருகம்புல்லும்தான். ஆகவே ஊர்ப்பெயர்களைக் கோத்து வழி போடாதீர்கள். எந்த ஊரிலிருந்து எந்தக் கரையில் ஏறுவது என்று பார்த்துப் போடுங்கள்.

திருப்பனந்தாளில் குமரகுருபரர் மரபில் வந்த காசித் திருமடத்தின் முன்னிருந்து கிளம்பலாம். பக்கத்திலேயே அருணஜடேசுவரர் கோயில். தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கையெடுத்தபோது ஆடை நழுவியது. அவள் மானம் காக்க லிங்கமே தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டது என்பது தலபுராணம். அரசனின் யானைகள் இழுத்தும் நிமிராத லிங்கத்தைக் குங்குலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி நிமிர்த்தினார். தாடகையின் மாலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மேற்கே மண்ணியாற்றங்கரை. திருவாப்பாடியும் சேய்ஞலூரும் இந்தப் பக்கத்து ஊர்கள். ஊர்ப் பசுக்களை மேய்க்க வந்த விசாரசருமர் என்ற சிறுவன் மண்ணியின் மணலில் லிங்கம் பிடித்து, பால் சொரிந்து வழிபட்டது இங்கேதான் என்கிறது பெரியபுராணம். பின்னாளில் அவர் சண்டேசுவரர் ஆனார். இன்றும் கரையில் மாடுகள் மேய்கின்றன. எதிரே மந்தை வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். மணி அடித்தால் கன்றுகள் மிரண்டு வாய்க்காலில் இறங்கிவிடும், பிறகு மேய்ப்பவருக்குத்தான் அலைச்சல்.

வடக்கே திரும்பினால் கொள்ளிடத்தின் தென்கரை. வாசகர்கள் கேட்ட மரங்கள் இங்கே படுகைக் காடாகக் கிடைக்கும். நெல் நாட்டில் காட்டுக்கு இடம் விட்டு வைப்பதில்லை. ஆனால் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே வெள்ளம் ஏறி இறங்கும் படுகை நிலத்தில் மூங்கில், வாழை, நாணல் என்று அடர்ந்து கிடக்கிறது. கரையோரங்களில் வனத்துறை வளர்த்த தேக்குகள் வேறு. மாசியில் தேக்கு இலை உதிர்ந்து தடம் முழுக்கக் கிடக்கும். சக்கரம் ஏறினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

கிழக்கே போனால் அணைக்கரை, அதாவது கீழணை. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. மேட்டூர் நிரம்பினால் மிகுந்த தண்ணீரை முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில்தான் விடுவார்கள். அது கடலுக்குப் போகுமுன் தடுத்துத் திருப்பும் இடம் இது. வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன், குமுக்கி மண்ணியாறு என்று வாய்க்கால்கள் பிரிவதை நின்று பாருங்கள். வடவாறு வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குக் குடிநீராக வருகிறது. சென்னை வாசகர்கள் தங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிற தண்ணீரை இங்கே ஆறாகப் பார்க்கலாம். கடைகளில் மீன் வறுவல் உண்டு, சாப்பிடுங்கள். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். கொள்ளிடத்தின் இந்தப் பகுதியில் முதலைகள் இருக்கின்றன. முகம் கழுவக்கூட வேண்டாம்.

கொள்ளிடத்தைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. தெற்கே வண்டல், வடக்கே செம்மண். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரிக்காடு. நம் சுற்றுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், கங்கைகொண்ட சோழபுரம் வரை போதும். இந்த ஒரு துண்டு மட்டும் போன வழியே திரும்ப வேண்டியது. ஆனாலும் விடக்கூடாது. ராஜேந்திர சோழன் எடுத்த கோயிலின் வடக்குப் படிக்கட்டை ஒட்டிய சுவரைப் பாருங்கள். பக்கத்தில் உமை அமர்ந்திருக்க, சிவன் குனிந்து, கைகூப்பிய சண்டேசுவரரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். காலையில் நாம் கடந்து வந்த மண்ணியாற்றங்கரைச் சிறுவன்தான் அவர். அந்தச் சிற்பத்தைக் காரில் வந்து பார்ப்பவர்கள் ஏராளம். திருப்பனந்தாளில் பக்தை சாத்திய மாலைக்குத் தலைசாய்த்தவர், இங்கே பக்தனுக்கு மாலை சூட்டுகிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள ஆற்றையும் மணலையும் மிதித்துக் கடந்து வந்து பார்ப்பவருக்குச் சிற்பம் இன்னும் நெருங்கி வருகிறது. இந்த வழியை நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

திரும்பும்போது அணைக்கரையிலிருந்து பந்தநல்லூர் பக்கம் வளைந்து வாருங்கள். ருக்மிணி தேவிக்கு நாட்டியம் கற்றுத்தந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர். எல்லாம் சேர்த்துச் சுமார் 50 கி.மீ. வரும். வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். தை, மாசியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அணைக்கரைப் பக்கம் போகையில் எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று. ஆடியில் மேல்காற்று, அப்போது மேற்கே போகிற பகுதியைக் காலையில் முடித்துவிட வேண்டும்.

விலை உயர்ந்த கிராவல் சைக்கிள் வேண்டுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். பால்காரர்கள் ஓட்டும் பழைய சைக்கிளின் டயர் 28க்கு 1½ அங்குலம், அதாவது ஏறத்தாழ 40 மி.மீ. அகலம். இன்றைய கிராவல் சைக்கிள்களில் பெரும்பாலும் போடுவதும் அதே அளவுதான். கிடைக்கிற சைக்கிளில் வாருங்கள், பிரேக்கை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெருஞ்சியும் கருவேல முள்ளும் உண்டு, ஆகவே மாற்று டியூபும் பம்பும் அவசியம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழை பெய்த மறுநாள் கரையில் ஏறாதீர்கள். வண்டல் களி மட்கார்டில் அப்பிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது உங்கள் கஷ்டம். ஈரக்கரையில் விழும் தடத்தில் தண்ணீர் தேங்கிக் கரைக்குள் இறங்குமே, அது ஊரின் கஷ்டம். கொள்ளிடம் பெருகினால் கரையோர ஊர்களைக் காப்பது இந்த மண்தான். கரையில் மணல் மூட்டை அடுக்கியிருந்தால் அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் வரவே வேண்டாம்.

இத்தாலியில் டஸ்கனிப் பகுதியின் வெள்ளைக் கப்பிச் சாலைகள் தார்ச்சாலையாகிக்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்று 1997இல் பழைய சைக்கிள்களோடு சிலர் ஒரு சவாரி தொடங்கினார்கள். எல்'எரோயிக்கா என்று பெயர். இன்று உலகெங்கிலுமிருந்து அங்கே வந்து மிதிக்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற, நோயாளியை ஏற்றிப் போகிற கரைக்குத் தார் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மற்றக் கரைகளில் கிராவல் அடித்து, ஓரத்து மரத்தை வெட்டாமல் வைத்திருந்தாலே போதும். விவசாயிக்கும் உதவும், சைக்கிளில் வருபவருக்கும் உதவும். கரையில் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை பிழைக்கும்.

அடுத்த இதழில் இந்தச் சுற்றுக்கு வரைபடம் போடுகிறோம். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு என்று உங்கள் ஊர்க் கரைகளைப் பற்றியும் எழுதுங்கள். எங்கே தார், எங்கே மண், எந்த மதகுப் பாலம் இடிந்து கிடக்கிறது, குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு தபால் அட்டையில் எழுதினாலும் போதும், வரைபடத்தில் சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்