வெள்ளிப் பரிசுகள்

பொதுக் காரியங்களில் உழைத்தவரைப் பாராட்டுவது ஜன சமூகத்தின் கடமை. அதை மறந்த சமூகத்தில் நாளடைவில் உழைப்பவரும் அருகிவிடுவர். ஆனால் பாராட்டு என்றதும் வெள்ளித் தட்டையும் வெள்ளிக் கிண்ணத்தையும் தவிர வேறெதுவும் நம்மவருக்குத் தோன்றாமற் போவது ஏன்? தாம்பரம், பல்லாவரம், பம்மல் முதலிய ஊர்கள் ஒன்றுகூடி 2021-ல் மாநகராட்சியாயின. ஊர் பெருகினால் பிரமுகர்கள் பெருகுவர். பிரமுகர்கள் பெருகினால் பாராட்டு விழாக்களும் பெருகும். ஆதலின் இதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்வது அவசியமாகிறது.

பெயரும் தேதியும் பொறித்த வெள்ளிப் பாத்திரங்களைச் சபையில் அளிக்கும் வழக்கம், இன்றுள்ள உருவில், ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு ஸன்ஸ் கம்பெனியார், தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் "சுவாமி வெள்ளி"ச் சாமான்களைச் செய்வித்துப் புகழ் பெற்றனர். 1875-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவரிடம் சேர்ந்த பரிசுகளில் இவ்வகை வேலைப்பாடுகளும் இருந்தன. நம் தெய்வங்கள் துரைமாரின் தேநீர்க் கெண்டியைச் சுற்றிக் காவல் நின்றன. கைத்திறன் நம்முடையது, கௌரவமோ ஆண்டவருடையது.

இவ்வழக்கத்தின் போக்கை மாற்றியவர் காந்தியடிகள். 1901-ல் அவர் நேட்டாலை விட்டுப் புறப்பட்டபோது, அங்குள்ள இந்தியர் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். கஸ்தூரிபா அம்மையாருக்கென்றே ஐம்பது கினி பெறுமான மாலை ஒன்றும் இருந்தது. சேவைக்குக் கூலி பெறுவதா என்ற கேள்வி அடிகளை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை. விடிவதற்குள் அனைத்தையும் சமூகத்தின் பொது நிதியாக்கி, பார்ஸி ருஸ்தம்ஜி முதலியோரைத் தர்மகர்த்தர்களாக நியமிக்கத் தீர்மானித்தார். பின்னர் கதருக்காகவும் ஹரிஜன நிதிக்காகவும் இந்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, உபசாரப் பத்திரங்களை வைத்தளித்த வெள்ளிப் பேழைகளை அந்த மேடையிலேயே ஏலமிட்டார்.

அன்புடன் அளித்ததை விற்பது அளித்தவரை அவமதிப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். கஸ்தூரிபா அம்மையாரே கண்ணீர் விட்டு வாதாடினார்; அவர் வாதம் அற்பமானதன்று. பத்தர்களின் பிழைப்பு என்னாவது என்றும் கேட்கலாம். அடிகளின் ஏலமுறையே இரண்டுக்கும் விடையளிக்கிறது. தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது; ஏலமெடுத்தவருக்குப் பேழை கிடைத்தது; பொது நிதிக்குப் பணம் சேர்ந்தது; அளித்தவரின் அன்போ பன்மடங்கு பயன் தந்தது. யார் நஷ்டமடைந்தார்?

தாம்பரத்தார் உதாரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் க்ஷயரோக சிகிச்சையில் பெயர் பெற்ற டாக்டர் சௌரி முத்து, தாயகம் திரும்பி, 1928-ல் இங்கே ஆரோக்கிய நிலையம் ஸ்தாபித்தார். 1937-ல் அது சர்க்கார் வசமாயிற்று. எழுநூறுக்கு மேற்பட்ட படுக்கைகளுடன் வளர்ந்து, பிற்காலத்தில் எய்ட்ஸ் நோயாளிகளை ஊரார் ஒதுக்கியபோதும் அது அவர்களை ஏற்றுக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் என்று ரெயில் நிலையமே அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்த வெள்ளித் தட்டில் பொறித்த எழுத்து இத்தனை பேர் வாயில் நாள்தோறும் ஒலிக்கிறது?

கணக்கையும் பார்ப்போம். 2025-ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. அரைக் கிலோத் தட்டு ஒன்றுக்கு ஐம்பதினாயிரத்துக்குக் குறையாது. க்ஷயரோகிகளின் போஷாக்குக்காக சர்க்கார் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் அளிக்கின்றனர். சாதாரண சிகிச்சை ஆறு மாதம். ஆகவே ஒரு தட்டின் விலை எட்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை முடியும்வரை அதே அளவு உதவியை மேலும் அளிக்கப் போதுமானது. நோயாளிகளுக்குப் பொதுமக்கள் போஷாக்குணவு அளிக்க 2022 முதல் சர்க்கார் திட்டமே உள்ளது.

விழாக் கமிட்டியாருக்கு நாம் கூறுவது இதுவே: பெரியோரைத் தாராளமாகப் பாராட்டுங்கள், மாலை சூட்டுங்கள். வெள்ளிக்குச் செலவிடும் பணத்தை அவர் பெயராலேயே நோயாளிக்கோ, ஏழை மாணவனுக்கோ, வாசகசாலைக்கோ அளியுங்கள். அதையும் மீறித் தட்டு வந்தால், பெறுகின்றவர் மேடையிலேயே அதை ஏலமிடட்டும். அவ்விதம் செய்யத் தயங்குகிறவர் உண்மையில் பாராட்டுக்குரியவர்தாமா என்பதை ஜனங்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.